அபுதாபி வெல்டர் வேலையா, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஐ.டி.ஐ. வெல்டர் முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். சேர்ந்து நான்கு வருடம் மூன்று மாதம் ஆகிறது. மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய். அதில் பேசிக், டி.ஏ. சேர்ந்து 15,500. பி.எஃப்., கேன்டீன் பிடித்தம் போக 21,800 கைக்கு வருகிறது. ரூம் வாடகை, சாப்பாட்டுச் செலவு போக ஊருக்கு 12,000 அனுப்புகிறேன். மனைவியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் ராமநாதபுரம் பக்கம் எங்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய 3 லட்சம் ரெண்டு வட்டியில் ஓடுகிறது. இப்போது அபுதாபியில் ஒரு வேலை வந்திருக்கிறது. மாதம் 1,900 திர்ஹாம் (பேசிக் 1,300, மற்ற படிகள் 600). தங்க இடம் கம்பெனி தரும், சாப்பாடு நம் செலவு, இரண்டு வருட ஒப்பந்தம். ஏஜென்ட் 1,60,000 ரூபாய் கேட்கிறார். மனைவியின் ஆறு பவுனை அடகு வைத்துக் கட்டிவிட்டுப் போகலாமா?

பதில்: இந்த ஏஜென்ட்டிடம், இந்தப் பணம் கொடுத்து, இப்போதே போவது வேண்டாம். வளைகுடா வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து, வேறு வழியில் போனால் உங்களுக்கு அது நல்ல வேலையாகவே இருக்கலாம்.

திர்ஹாமை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்ததும் 45,000-க்கு மேல் வருகிறது, இங்கே 21,800தான் என்று தோன்றியிருக்கும். இப்படி ஒப்பிடுவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எந்த வேலையானாலும் கடைசியில் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். திர்ஹாமுக்கு 24 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,900-இல் மெஸ்ஸுக்கு 400, போனுக்கு 100, சோப்பு, துணி, கைச்செலவு என்று 200 போனால் மீதி 1,200. அதாவது ஊருக்கு 28,800 ரூபாய் அனுப்ப முடியும். இங்கிருந்து அனுப்புவது 12,000. வித்தியாசம் 16,800.

இங்கே நீங்கள் கையில் பார்க்காத பணமும் இருக்கிறது. பி.எஃப்.-க்கு உங்கள் பங்கு 1,860, கம்பெனி பங்கு 1,860, ஆக மாதம் 3,720. (கம்பெனி பங்கில் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும்; அதுவும் உங்களுடையதுதான்.) பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம்: 15,500-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 8,942. மாதத்துக்கு 745 ரூபாய். அபுதாபியில் பி.எஃப். கிடையாது. ஆனால் வேலை முடிந்து திரும்பும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் பேசிக் சம்பளம் தரவேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். உங்கள் கணக்கில் அது வருடம் 910 திர்ஹாம், மாதத்துக்கு 1,820 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் உண்மையான வித்தியாசம் மாதம் 14,155 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஏறத்தாழ 3,40,000. ஓ.டி.யை (ஓவர்டைம் கூலியை) இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன், அது நிச்சயமில்லாத வருமானம்.

இந்த 3,40,000-இல் ஏஜென்ட்டுக்கு 1,60,000. அந்த நகைக் கடனுக்கு வட்டி 20,000-ஆவது ஆகும். அப்புறம், ஐந்து வருடம் முடியாமல் வேலையை விட்டால் இதுவரை சேர்ந்த பணிக்கொடை சுமார் 38,000 ரூபாயும் போய்விடும். மிச்சம் 1,22,000. மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய்! குழந்தை நடக்கத் தொடங்கும் வயதில் இரண்டு வருடம் பிரிந்து, வெயிலில் நின்று உழைப்பதற்கு மாதம் ஐயாயிரம். இதை மனைவியிடம் அப்படியே சொல்லிப் பாருங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நகையும் அவருடையது, தனியாக இருக்கப்போவதும் அவர்தான்.

அந்த 1,60,000-ஐப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. அதையும் ரசீது போட்டுத்தான் வாங்க வேண்டும். அமீரகத்துச் சட்டமோ, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டவே கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும் என்கிறது. ஆக, உங்களிடம் கேட்பது அனுமதித்ததைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இப்படிக் கேட்பவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இன்றைக்கே பாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. வெல்டர் போன்ற தொழில்களுக்கு அவர்களும் ஆள் எடுக்கிறார்கள். அங்கேயும் பதிந்து வையுங்கள்.

நகையை அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால், வங்கியில் வைத்து அந்த ரெண்டு வட்டிக் கடனை அடையுங்கள். 3 லட்சத்துக்கு நீங்கள் மாதம் 6,000 வட்டி கட்டுகிறீர்கள், வருடம் 72,000. ஊருக்கு அனுப்பும் பணத்தில் பாதி வட்டிக்கே போகிறது. இன்றைய தங்க விலையில் ஆறு பவுனுக்கு வங்கியில் 3 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 30,000தான். வருடம் 42,000, மாதம் 3,500 மிச்சம். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி அபுதாபி போனால் கிடைக்கிற ஐயாயிரத்தில் ஏறத்தாழ எழுபது சதவீதம், ஊரை விட்டு நகராமலே கிடைத்துவிடுகிறது. இதை இந்த மாதமே செய்யுங்கள். தங்கத்தை இழக்கிறோம் என்று மனைவிக்குக் கலக்கமாக இருக்கலாம். வங்கி லாக்கரில் சீல் வைத்துத்தான் இருக்கும், மிச்சமாகும் 3,500-ஐ மாதாமாதம் அசலில் கட்டி வந்தால் வட்டியும் குறைந்துகொண்டே வரும். ஒரு வருடக் கெடு முடிந்தால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்க மறக்காதீர்கள்.

சரி, ஒரு வருடம் ஏன் பொறுக்க வேண்டும்? ஒன்பது மாதம் போனால் ஐந்து வருடம் முடிந்து 44,700 ரூபாய் பணிக்கொடை உங்கள் உரிமையாகிவிடும். (நான்கு வருடம் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் பல கம்பெனிகள் இழுத்தடிக்கும், முழுதாக முடித்துவிடுவது நல்லது.) இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கார் பாகக் கம்பெனியில் நீங்கள் செய்வது பெரும்பாலும் சி.ஓ.2 வெல்டிங்காக இருக்கும். வளைகுடாவில் எண்ணெய், எரிவாயு வேலைகளில் கூடுதல் சம்பளம் வாங்குவது பைப் வெல்டர்கள். டிக், ஆர்க் என்ற இரண்டு வெல்டிங் முறைகளிலும் 6ஜி தேர்வு, அதாவது 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிற்கும் பைப்பைச் சுற்றிப் பற்றவைத்துக் காட்டும் தேர்வு, பாஸ் செய்தவர்களுக்கு வேலையும் வேறு, சம்பளமும் வேறு. திருச்சி பெல் வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான பயிற்சிகள் உண்டு. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு சிறு பங்கை இதில் போடுங்கள். இங்கேயே இருந்தாலும் இந்தத் திறமை உதவும். சுத்திகரிப்பு ஆலைகளில் ஷட்டவுன் சமயத்தில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது, 6ஜி வெல்டரைத் தேடிப்பிடித்துக் கூட்டிப் போகிறார்கள். வேலையின் லாப நஷ்டத்தைக் கணக்கிடும்போது, இரண்டு வருடம் கழித்து நான் எப்படிப்பட்ட தொழிலாளியாக இருப்பேன் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் கழித்து இதே 1,900 திர்ஹாமுக்குச் சட்டப்படியான 35,400 மட்டும் கொடுத்துப் போனால்கூட, இரண்டு வருடத்தில் மிஞ்சுவது 3 லட்சத்துக்கு மேல். மாதம் 12,000-க்குக் குறையாது. அதே ஊர், அதே சம்பளம்தான். உள்ளே நுழையக் கொடுக்கும் விலைதான் மாறுகிறது.

அப்படிப் போகும்போது வேலைக் கடிதத்தில் பேசிக் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். மொத்தம் 1,900 என்று சொல்லிவிட்டு பேசிக்கை 800 ஆக்கிவிடுவது உண்டு. ஓ.டி. கூலி, கடைசியில் வரும் 21 நாள் கணக்கு இரண்டுமே பேசிக் மேல்தான். 1,300 பேசிக் என்றால் ஒரு மணி நேர ஓ.டி.க்கு 6.77 திர்ஹாம், 800 என்றால் 4.17தான். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலைக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். 'விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம், மாட்டினால் உங்களுக்காகப் பேச ஒப்பந்தமும் இருக்காது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் சட்டத்துக்குப் புறம்பானது.

பணம் அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் வங்கிக் கணக்கு) திறந்துவிடுங்கள். இங்கே இருக்கும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் இருப்பவரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்ற வேண்டும். என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்பினால் ரெண்டு காசு கூடக் கிடைக்கிறது என்று போகாதீர்கள், வீடு கட்டக் கடன் கேட்கும் நாளில் வங்கி கேட்பது அந்த அனுப்பிய கணக்கைத்தான். கிளம்பும் முன் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி (ஆயுள் காப்பீடு) எடுங்கள், வெளிநாட்டில் வெல்டர் வேலைக்குப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு செய்யாதீர்கள். 2024-25-க்கு 8.25 சதவீத வட்டி தந்த கணக்கு அது. பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். திரும்பி வந்து வேறு கம்பெனியில் சேர்ந்தால் இந்த ஐந்து வருடத்தையும் சேர்த்துக்கொள்ள, பென்ஷன் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். ஆதாரிலும் யு.ஏ.என்.-இலும் (பி.எஃப். கணக்கு எண்) இணைத்திருக்கும் இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் வேறு ஆளுக்குப் போய்விடும், ஓ.டி.பி. வராது. அந்த சிம்மை மனைவியின் போனில் போட்டு, வேலிடிட்டி தீராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.