பழைய கேம்பர் வேன்ல முன்பக்க சஸ்பென்ஷன் புஷ் தேஞ்சு போச்சு, வீட்லயே மாத்த முடியுமா?

முடியும், நானே மாத்தினேன், ஆனா ஒரே வேலைய ரெண்டு தடவை பண்ண வேண்டியதாப் போச்சு, ஏன்னு கீழ சொல்றேன். புஷ்னா, உள்ள ஒரு இரும்புக் குழாய், வெளிய ஒரு இரும்புக் கூடு, நடுவுல ரப்பர், அவ்ளோதான்.

என் வேனுக்கு 20 வயசுக்கு மேல. பிரேக் அடிச்சா முன்னாடி 'டொக்'னு சத்தம் வரும், நேர் ரோட்லயே மேயப் போற மாடு மாதிரி ஒரு பக்கமா ஒதுங்கும், டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சு வழுக்கையாயிடுச்சு. ஷாக் அப்சார்பர்தான் போச்சுன்னு நானே முடிவு பண்ணி அத மாத்தினேன், தண்டச் செலவு. அப்புறம்தான் வண்டிய ஸ்டாண்ட்ல நிறுத்தி, லோயர் ஆர்ம் (வீலைப் பிடிச்சிருக்கிற கீழ்க்கை) சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, மாட்டியிருக்கிற இடத்துல லீவர் குடுத்து நெம்பினா, புஷ் நடுவுல இருக்கிற இரும்புக் குழாய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுது, ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவுல என் விரல் நகம் உள்ள போகுது. மேலாப்புல சின்னச் சின்ன வெடிப்பு மட்டும் இருந்தா பதற வேணாம், வயசான ரப்பர்னா அப்படித்தான். இரும்ப விட்டு பிரிஞ்சிருந்தா காலி.

கழட்டுறதுதான் பெரும்பாடு. நட் சமத்தா வந்துடும், போல்ட் மட்டும் அந்தக் குழாயோட துருப்பிடிச்சு ஒண்ணாயிருக்கும். ரெண்டு நாள் முன்னாடியே துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேய அடிச்சு ஊறவிடுங்க. எனக்கு அதுக்கும் மசியல, ரெண்டு பக்கமும் பிளேடு போட்டு அறுத்தேன். அதனால புது போல்ட், நட் கையில இல்லாம ஆரம்பிக்காதீங்க. இன்னொண்ணு, இதுல விளையாடக் கூடாது: ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல உக்காந்திருந்தா அத ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு அடக்காம பால் ஜாயின்ட்ல (ஆர்ம் வீல் பக்கம் சேர்ற உருண்டை மூட்டு) கை வைக்காதீங்க, தெறிச்சா ஆள் காலி. வோக்ஸ்வேகன் டி4 மாதிரி டார்ஷன் பார் (சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்கிக்கிட்டு வேலை செய்ற இரும்புக் கம்பி) வண்டின்னா அட்ஜஸ்ட் போல்ட் எவ்ளோ வெளிய நீட்டிட்டு இருக்குன்னு அளந்து எழுதி வச்சுட்டு லூஸ் பண்ணுங்க.

பழைய புஷ்ஷ எரிச்சு எடுக்கலாம்னு யாராவது சொல்வாங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ரப்பர ட்ரில் போட்டு பிய்ச்சுட்டு, வெளிக்கூட்ட மட்டும் ஹேக்ஸா பிளேடால கீறினா சுருங்கி வந்துடும், ஆர்ம்ல கீறல் விழாம பார்த்துக்கணும். சில புஷ்ல ரப்பர்ல இடைவெளி விட்டிருப்பாங்க, அது எந்தத் திசை பார்த்திருக்குன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே பெயின்ட்ல கோடு போட்டுக்கோங்க. புதுச உள்ள ஏத்தும்போது வெளிக்கூட்டுல மட்டும் அழுத்தம் குடுங்க, நடுக்குழாய அழுத்தினா ரப்பர் அங்கயே கிழிஞ்சுடும். கிரீஸ் வேணாம், சோப்புத் தண்ணி போதும். பாலியூரிதேன் புஷ் போடலாமான்னா, ரொம்ப நாள் உழைக்கும்தான், ஆனா ரோட்ல இருக்கிற ஒவ்வொரு கல்லும் உள்ள கேக்கும், அதுக்குப் போடுற கிரீஸ் காஞ்சா கீச்சு கீச்சுன்னு கத்தும். பின்னாடி படுத்துத் தூங்குற வண்டிக்கு எனக்கு ரப்பர்தான் சரின்னு பட்டுச்சு.

இப்ப என் தப்புக்கு வரேன். முதல் தடவை வீல் அந்தரத்துல தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் ஃபுல்லா டைட் பண்ணிட்டேன். ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுத்தாது, ரெண்டு இரும்புக்கு நடுவுல ஒட்டியிருக்கிற ரப்பர் முறுக்கிக்கிட்டு திரும்ப வரும், அவ்ளோதான். தொங்குற நிலையில டைட் பண்ணிட்டா, வண்டிய இறக்கினதுமே ரப்பர் முறுக்கின மேனிக்கே நிக்கும், பார்க்கிங்ல சும்மா நிக்கும்போது கூட. எட்டு மாசத்துல அதே 'டொக்' திரும்ப வந்துடுச்சு.

ரெண்டாவது தடவை, வேலைய தொடங்குறதுக்கு முன்னாடியே வீல் நடுவுலேர்ந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்துக்கிட்டேன். போல்ட் எல்லாம் சும்மா பிடிச்சு நிக்கிற அளவுக்கு மாட்டி, வீல போட்டு, அடியில ராம்ப் குடுத்து வண்டிய இறக்கி, பின் வீலுக்கு கட்டை வச்சு, முன்பக்கத்த நாலு தடவை அமுக்கி விட்டு, அளவு சரியா வந்ததும்தான் மேனுவல்ல இருக்கிற டார்க்குக்கு (எவ்ளோ விசையில இறுக்கணும்ங்கிற அளவு) டைட் பண்ணினேன். கேம்பர்ல கவனிக்க வேண்டியது என்னன்னா, நாம எப்பவும் எவ்ளோ பாரத்தோட ஓட்டுறோமோ அத ஏத்தி வச்சு செய்யணும். 60 லிட்டர் தண்ணி டேங்க்னாலே 60 கிலோ, அதுக்கு மேல கேஸ், அலமாரி, மெத்தை வேற. முடிச்ச கையோட வீல் அலைன்மென்ட் கட்டாயம் பாருங்க, அங்கயும் காலி வண்டியா கொண்டு போகாம டேங்க ரொப்பிட்டே போங்க.