ஈறு இறங்கி வேர் தெரிகிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமா?

வாசகர் கேள்வி: வயது 29. கிளிப் போட்டுக் கழற்றி நான்கு வருடம் ஆகிறது. கீழ் முன்பல் ஒன்றில் ஈறு இறங்கி வேர் தெரிகிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. அண்ணத்திலிருந்து சதை எடுத்து வைத்துத் தைக்கவேண்டும் என்கிறார் டாக்டர். தேவைதானா? ரொம்ப வலிக்குமா?

பதில்: இறங்கிய ஈறு தானாக ஏறி வராது. எண்ணெய்க் கொப்பளிப்பும் கூச்சத்துக்கான பேஸ்ட்டும் அதை வளர்க்காது. பேஸ்ட் கூச்சத்தை மட்டும் குறைக்கும். ஆனால் வேர் தெரிகிற எல்லாப் பல்லுக்கும் ஆபரேஷன் வேண்டியதில்லை. பல வருடமாக அதே அளவில் நிற்கிறது, தொந்தரவும் இல்லை என்றால், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அவ்வப்போது அளந்து பார்த்தாலே போதும்.

உங்கள் பல்லில் எனக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது. கீழ் முன்பற்களின் முன்பக்க எலும்பு இயல்பிலேயே மிக மெல்லியது, கிளிப் பல்லை வெளிப்பக்கம் நகர்த்தியிருந்தால் இன்னும் மெலிந்திருக்கும். கண்ணாடி முன் நின்று கீழுதட்டை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஈறின் விளிம்பும் கூடவே அசைந்தால் அங்கே உறுதியான ஈறு போதவில்லை, பிரஷ் படும்போதெல்லாம் வலிக்கும், அழுக்கு சேரும், இன்னும் இறங்கும். அந்த நிலையில் தள்ளிப்போடாமல் செய்துகொள்வதுதான் நல்லது. பற்களுக்குப் பின்னால் கம்பி ஒட்டியிருந்தால், அது முறுக்கிக்கொண்டு பல்லைத் தள்ளுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தைத்ததும் வீணாகிவிடும்.

வேர் முழுதும் மூடுமா என்று டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையிலுள்ள எலும்பும் ஈறும் குறையாமல் இருந்தால் முழுதாக மூட வாய்ப்பு அதிகம், அங்கேயும் கரைந்திருந்தால் ஓரளவுக்குத்தான்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அதனால் செய்யும்போது வலி தெரியாது. அண்ணத்தின் தோலுக்கு அடியிலுள்ள திசுவை மட்டும் எடுத்து ஈறுக்குள் செருகித் தைப்பது ஒரு வகை, நிறம் நன்றாக ஒத்துப்போகும். தோலோடு சேர்த்தே எடுத்து வைப்பது இன்னொன்று. கொஞ்சம் வெளிறிய திட்டாகத் தெரியும், ஆனால் கீழ்ப்பல்லில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? அப்புறம் வலி என்றால் தைத்த இடத்தைவிட அண்ணத்துப் புண்தான் முதல் வாரம் படுத்தும், அதுவும் தோலோடு எடுத்திருந்தால். அதை மூடுகிற பிளாஸ்டிக் தட்டு செய்து தருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள், சாப்பிடும்போது பெரிய நிம்மதி.

வைத்த திசுவுக்கு முதல் சில நாள் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது, அடியிலிருந்து ஊறும் நீரில்தான் உயிர் பிடித்திருக்கும், அதற்குள் அசைந்தால் பட்டுப்போகும். அதனால் உதட்டை இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள். மேலே வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சீழ் இல்லை, பயப்படவேண்டாம். தையல் பிரிக்கும்வரை, அதாவது சுமார் இரண்டு வாரம், அங்கே பிரஷ் கூடாது, குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மட்டும். அதனால் பல்லில் பழுப்புக் கறை வரலாம், கிளீனிங்கில் போய்விடும். ஆறிய குழைந்த சாதம், தயிர், இட்லி சரி. காரமும் முறுக்கும் வேண்டாம். சிகரெட், புகையிலை இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே விட்டுவிடுங்கள், திசு ஒட்டாமல் போவதற்கு அது பெரிய காரணம். சர்க்கரை நோய் இருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் அண்ணத்தில் ரத்தம் கசிந்தால் ஈரப் பஞ்சுத்துணியை வைத்து இருபது நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள், அதற்கும் நிற்கவில்லை என்றால் ராத்திரியானாலும் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.