புகை வந்தா உடனே ரிங்கா? பட்டறைக் கேள்வி பதில்

கோயமுத்தூர்ல முப்பது வருஷமா இன்ஜின் வேலை மட்டும் பார்த்துட்டு இருக்கேனுங்க. பிஸ்டன் ரிங் (சிலிண்டருக்குள்ள ஏறி இறங்கற பிஸ்டனைச் சுத்தி மாட்டற வளையம்) பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு சொன்னதுக்கு வந்து குவிஞ்சதுல பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான்: "புகை வருது, ரிங் போயிருச்சா?" ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துட்டேன்.

திருப்பூர்: அண்ணா, பெட்ரோல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் குப்புனு நீலப் புகை. ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது, அப்புறம் நாள் பூரா இல்லை. மெக்கானிக் "ரிங் காலி, இன்ஜின் இறக்கணும்"ங்கறார்.

இறக்க வேண்டாமுங்க. நீங்க சொல்றது வால்வ் சீலோட (வால்வ் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கற ரப்பர்) குணம். ராத்திரி பூரா வண்டி நிக்கும்போது ஹெட்டுல (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்கார்ற பாகம்) தேங்கின ஆயில், கெட்டியாப் போன சீல் வழியா வால்வ் கைடுல இறங்கி சொட்டு சொட்டா உள்ளே போய் உக்காந்துக்கும். காலையில அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் புகை, அவ்வளவுதான்.

இன்னொரு இடத்துலயும் இதைப் பார்க்கலாம். ஊட்டியிலிருந்து கால் எடுத்துட்டு கியர்லயே இறங்கி வர்றீங்க. கல்லாறு தாண்டி சமதரை வந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கற அளவுக்கு ஒரு புகை. இறக்கத்துல த்ராட்டில் (காத்து போற வழியைத் திறந்து மூடற கதவு) மூடியே இருக்கறதால, காத்து உள்ளே போற இன்டேக் வழியில வேக்கம், அதாவது உறிஞ்சற இழுப்பு, பலமா இருக்கும், அது ஆயிலை உறிஞ்சி வச்சுக்கும். ஆயில் ரிங் ஒட்டிப்போன வண்டியும் சில சமயம் இதே மாதிரி செய்யும், அதனால மலை இறக்கப் புகையை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. உங்க வண்டியில காலைப் புகை மட்டும்தான் இருக்குது, மேட்டுல இழுக்கும்போது இல்லை. சீல் மாத்துங்க. பல இன்ஜின்ல ஹெட்டைக்கூட இறக்க வேண்டியதில்லை. பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தைக் குடுத்து வால்வை மேலேயே நிக்க வச்சுட்டு சீலை மாத்திடலாம்.

ரிங் தேஞ்ச வண்டி வேற மாதிரி. சூடான பிறகும், லோடு ஏத்தி மேட்டுல இழுக்கும்போதும், ஆக்ஸிலரேட்டர் குடுக்கக் குடுக்க விடாம தள்ளும்.

மதுரை: அண்ணே, அடிப்படையே கேக்குறேன்னு சிரிக்காதீங்க. மூணு ரிங் எதுக்கு?

இதைக் கேக்காமலே ரிங் மாத்தறவங்கதான் அதிகம், உங்களை ஏன் சிரிக்கப் போறேன்? மேல் ரிங் எரியற கேஸைக் கீழே விடாம அடைக்குது. ரெண்டாவது ரிங் அதுக்குத் துணை. ஆனா அதோட பெரிய வேலை சுவர்ல இருக்கற ஆயிலைக் கீழ்நோக்கி வழிக்கறது. மூணாவது ஆயில் ரிங், சுவர்ல மெல்லிசா ஒரு படலம் மட்டும் விட்டுட்டு மீதியை எல்லாம் இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டிக்கு (சம்ப்) திருப்பி அனுப்புது. இதுபோக பிஸ்டனோட சூட்டைச் சிலிண்டர் சுவருக்குக் கடத்தறதும் ரிங்குதான். அதனாலதான் ரிங் ஒட்டிப்போனா பிஸ்டனும் வெந்து போகுது.

தன்னோட ஸ்பிரிங் விசையாலயே சுவரை அணைச்சுக்கற இந்த வெட்டு ரிங்கை 1850-கள்ல கொண்டு வந்தவர் ஜான் ராம்ஸ்பாட்டம்னு ஒரு இங்கிலாந்து ரயில்வே இன்ஜினியர். அவர் செஞ்சது நீராவி இன்ஜினுக்கு. கார் பிறக்கறதுக்கு முன்னாடியே ரிங் பிறந்தாச்சு.

சேலம்: வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? பட்டறைக்குப் போனாலே பயமாக இருக்கிறது.

உண்டுங்க. முதல்ல ஆயில் கணக்கு. சமதரையில நிறுத்தி, இன்ஜினை அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சு, டிப்ஸ்டிக்ல (ஆயில் அளவு பார்க்கற குச்சி) மேல் கோடு வரைக்கும் ஆயில் ஊத்துங்க. 1000 கி.மீ. ஓட்டிட்டு அதே இடத்துல அதே மாதிரி டிப்ஸ்டிக்கைப் பாருங்க. பெரும்பாலான கார்ல ரெண்டு கோட்டுக்கும் நடுவுல சுமார் ஒரு லிட்டர். 1000 கி.மீ.க்கு 100, 200 மில்லி குறைஞ்சா பழைய வண்டிக்கு நான் தூக்கம் கெட மாட்டேன். அரை லிட்டரைத் தாண்டினா காரணம் தேடணும். வண்டி நிக்கற இடத்துல தரையில ஆயில் சொட்டி இருக்குதான்னு முதல்ல குனிஞ்சு பாருங்க. ஒழுகற ஆயிலுக்கு ரிங் மேல பழி போட்டவங்க நிறைய பேர்.

அடுத்தது, சூடான இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது ஆயில் மூடியைத் திறங்க. லேசா காத்து வர்றது சகஜம். புஸ்ஸு புஸ்ஸுனு துடிச்சுத் துடிச்சு புகை அடிச்சா பட்டறை பாஷையில "பேக் கம்ப்ரஷன்". கேஸ் ரிங்கைத் தாண்டிக் கீழே வருதுன்னு அர்த்தம். ஆனா அவசரப்படாதீங்க. பி.சி.வி. வால்வ் (இன்ஜின் அடியில சேர்ற கேஸை வெளியேத்தற சின்ன வால்வ்) அடைச்சிருந்தாலும் உள்ளே பிரஷர் ஏறி இதே கூத்துதான் நடக்கும், ஆயிலும் குறையும், சீல்ல கசியும். அது கைக்குள்ள அடங்கற சாமான். அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணாம, இல்லைன்னா மாத்தாம, ரிங் பேச்சை எடுக்கற ஆள்கிட்ட இருந்து சாவியைத் திருப்பி வாங்கிக்குங்க.

சென்னை, கால் டாக்ஸி ஓட்டுபவர்: சார், கம்ப்ரஷன் பார்த்தாங்க. 160, 108, 158. ஆயில் ஊத்திட்டுத் திரும்பப் பார்த்ததுல 170, 152, 168. பெட்ரோல் வண்டி. என்ன அர்த்தம்னு யாரும் சொல்லலை, பில்லு மட்டும் குடுத்தாங்க.

நம்பரோட வந்தீங்க பாருங்க, கும்பிடணும் உங்களை. கம்ப்ரஷன்னா ஒவ்வொரு சிலிண்டர்லயும் பிஸ்டன் காத்தை அமுக்கற பிரஷர். பெட்ரோல் இன்ஜின்ல பொதுவா 150-லிருந்து 190 பி.எஸ்.ஐ. (பிரஷர் அளவு) வரைக்கும் இருக்கும், சரியான அளவு அந்தந்த இன்ஜின் புத்தகத்துல. அந்த அளவைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம்தான் முக்கியம். 10, 15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. உங்க ரெண்டாவது சிலிண்டர் முப்பது சதவீதத்துக்கு மேல கீழே கிடக்குது.

ஆயில் ஊத்தினது எதுக்குன்னா, ஒரு டீஸ்பூன் ஆயில் பிஸ்டனைச் சுத்தி இறங்கி ரிங் சந்தைத் தற்காலிகமா அடைக்கும். அப்ப கம்ப்ரஷன் ஏறினா குத்தம் ரிங், பிஸ்டன், போர் (சிலிண்டரோட உள் துளை) பக்கம். ஏறலைன்னா வால்வ், இல்லை ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல அடைக்கற தகடு). உங்களுக்கு 108, 152-க்கு எகிறியிருக்குது. ரெண்டாவது சிலிண்டர்ல ரிங் கோளாறு, சந்தேகம் ரொம்பக் கம்மி.

ஆனா மூணும் ஒண்ணாத் தேயாம ஒண்ணு மட்டும் விழுந்திருக்கே, அதுதான் என்னை யோசிக்க வைக்குது. தேய்மானம்னா எல்லாம் கூடக்குறைய சேர்ந்துதான் இறங்கும். ஒண்ணு மட்டும்னா ரிங் உடைஞ்சிருக்கலாம், கார்பன்ல ஒட்டியிருக்கலாம், பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பள்ளத்துச் சுவர் உடைஞ்சிருக்கலாம். உடைஞ்ச துண்டு போரைக் கீறிடும். ஓட்டிட்டே இருக்காதீங்க.

டெஸ்ட் ஒழுங்கா பண்ணினாங்களான்னும் கேளுங்க. இன்ஜின் சூடா இருக்கணும், எல்லா பிளக்கும் கழட்டணும், பெட்ரோலும் இக்னிஷனும் கட் பண்ணணும், ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிச்சிருக்கணும், பேட்டரி நல்லா சார்ஜ் இருக்கணும். த்ராட்டிலை மூடி வச்சுப் பார்த்தா நல்ல இன்ஜினும் செத்த இன்ஜின் மாதிரிதான் காட்டும். முடிஞ்சா லீக் டெஸ்ட்டும் பண்ணுங்க. பிஸ்டனை மேலே கொண்டுவந்து, ரெண்டு வால்வும் மூடின நிலையில பிளக் ஓட்டையில காத்து விடணும். ஆயில் மூடியில உஸ்ஸுனா ரிங், சைலன்ஸர்ல உஸ்ஸுனா எக்ஸாஸ்ட் வால்வ், ஏர் ஃபில்டர் பக்கம்னா இன்டேக் வால்வ், ரேடியேட்டர்ல குமிழ் வந்தா ஹெட் கேஸ்கெட். காது இருந்தா போதும்.

தேனி: என்னோடது டர்போ டீசல். இதே ஆயில் டெஸ்ட்டைப் பண்ணலாமா?

வேண்டாமுங்க. டீசல்ல எரியற அறை ரொம்பச் சின்னது, கம்ப்ரஷன் சூட்டுல ஊத்தின ஆயிலே பத்திக்கும். அளவும் தப்பா வரும், ஆபத்தும் கூட. டீசலுக்குத் தனி கேஜ், பெட்ரோலைவிட ரெண்டு மடங்குக்கு மேல பிரஷர்.

உங்க வண்டியில நீலப் புகைன்னா முதல்ல டர்போவைப் பாருங்க. இன்டர்கூலர் பைப்பைக் கழட்டினா உள்ளே லேசா ஆயில் பிசுபிசுப்பு இருக்கறது வழக்கம். பைப்பைச் சாய்ச்சா வழியற அளவுக்கு இருந்தா டர்போ சீல்.

இன்னொண்ணு. டீசல்ல ரிங் ரொம்பத் தேஞ்சா, இல்லை டர்போ சீல் போனா, அந்த ஆயிலையே குடிச்சுட்டு இன்ஜின் தன்னால அலற ஆரம்பிக்கும். சாவியை எடுத்தாலும் நிக்காது. கியர் வண்டின்னா டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடிச்சு, கிளட்ச்சைப் பட்டுனு விட்டு இன்ஜினைத் திணற வச்சு நிறுத்தணும். பானெட்டைத் திறந்து கையை விடாதீங்க.

கரூர்: கெட்டி ஆயில் ஊற்றினால் சரியாகும் என்கிறார்களே?

சரியாகாது, மறையும். 20டபிள்யூ-50 (கெட்டி ஆயில்) சொல்லியிருக்கற பழைய இன்ஜின்ல அதை ஊத்தறது நியாயம், புகையும் கொஞ்சம் அடங்கும். 5டபிள்யூ-30 (லேசான ஆயில்) கேக்கற புது இன்ஜின்ல கெட்டியை ஊத்தினா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல் பாகத்துக்கு ஆயில் போய்ச் சேரவே நேரமாகும். புகையை அடக்கப் போய் வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்டைத் தின்னுடும்.

திருச்சி: பிளக் ஓட்டையில் திரவம் ஊற்றி ராத்திரி ஊறவைத்தால் ரிங் விடுபடுமா?

ஒட்டின ரிங்னா சில சமயம் விடுபடும். தேஞ்ச ரிங் வளராது. முன்னாடி நல்லா இருந்த வண்டி, ஆயில் மாத்தாம ரொம்ப நாள் ஓடி, இல்லை டவுனுக்குள்ள குட்டிக் குட்டி தூரமே ஓடி, திடீர்னு ஆயில் குடிக்க ஆரம்பிச்சதுன்னா முயற்சி பண்ணலாம். மறுநாள் பிளக் மாட்டாம, ஓட்டை மேல துணி போட்டு, செல்ஃப் அடிச்சு மிச்சத்தை வெளியே தள்ளணும். பிளக்கோட அடிச்சா திரவம் நசுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். வேலை முடிஞ்சதும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் கண்டிப்பா மாத்துங்க. இதுல எனக்குப் பாதிக்குப் பாதிதான் பலன் கிடைச்சிருக்குது.

ஈரோடு: அண்ணா, ரிங் மட்டும் போட்டாப் போதுமா, போர் பண்ணணுமா? ஒருத்தர் ரிங் போதும்ங்கறார், லேத்துல போர் பண்ணியே ஆகணும்ங்கறாங்க.

போர் பண்றதுன்னா தேஞ்ச சிலிண்டர் துளையைக் கடைஞ்சு பெருசாக்கறது. ரெண்டு பேரும் அளந்தாங்களான்னு கேளுங்க. சிலிண்டர் நேரா தேயாது. மேல் ரிங் திரும்பற இடத்துலதான் சூடும் அதிகம், ஆயிலும் கம்மி, அங்கதான் அதிகமாத் தேயும். ஹெட்டைத் தூக்கிட்டு விரலை விட்டுத் தடவினா நகம் மாட்டற மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். நகம் நல்லா மாட்டினா ரிங் மட்டும் போட்டு ஏமாத்த முடியாது. புது ரிங் அந்த விளிம்புல இடிச்சே உடையும்.

போர் டயல் கேஜ் வச்சு மேல், நடு, கீழ்னு மூணு இடத்துல, நீளவாக்குலயும் குறுக்கவும் அளக்கணும். கேஜ் இல்லாத பட்டறைக்கு ஒரு வழி சொல்றேன். ஒரு புது ரிங்கைப் போருக்குள்ள விட்டு, தலைகீழாப் பிடிச்ச பிஸ்டனால சமமாத் தள்ளி, ரிங்கோட வாய் (வெட்டின ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள) இடைவெளியை, ஃபீலர் கேஜ்ங்கற மெல்லிசு அளவுத் தகட்டால அளங்க. முதல்ல அடியில, ரிங் தொடாத இடத்துல. அப்புறம் மேலே. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல வகுத்தா போர் எவ்வளவு அகண்டிருக்குதுன்னு வந்துரும். வித்தியாசம் 0.3 மி.மீ. இருந்தா போர் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தேஞ்சிருக்குது. சின்ன பெட்ரோல் இன்ஜினுக்கு அதுதான் நான் கோடு கிழிக்கற இடம். அதுக்குக் கீழன்னா ஹோனிங் (சுவரைக் கல்லால லேசா உரசறது) போட்டுப் புது ரிங், மேலன்னா போரிங், அளவு கூடின ஓவர்சைஸ் பிஸ்டன்.

ஓவர்சைஸ் 0.25, 0.50 மி.மீ.ன்னு வரும். பிஸ்டனைக் கையில வாங்கி அளந்த பிறகுதான் லேத்துல பிளாக்கை வைக்கணும். முதல்ல போர் பண்ணிட்டு அப்புறம் பிஸ்டனைத் தேடி அலைஞ்ச ஆளுங்களை எனக்குத் தெரியும். சாமானுக்குப் பஞ்சமில்லை, சென்னை செம்பியத்துல 1949-லிருந்தே பிஸ்டன் செய்யறாங்க. டூப்ளிகேட் டப்பாவுல மட்டும் ஏமாந்துடாதீங்க. சில புது அலுமினியம் பிளாக்ல சுவர்ல தனிப் பூச்சு இருக்கும். அதைச் சாதாரண ஹோனிங் கல்லால தொடவே கூடாது.

நாகர்கோவில்: ரிங் மாற்றி 800 கி.மீ. ஆச்சு, இன்னும் புகை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாத்தணும்னு இல்லைங்க, தப்பாப் போட்டிருக்கலாம். என் கதையையே சொல்றேன். தொழில் கத்துட்ட புதுசுல ஒரு இன்ஜின்ல ரெண்டாவது ரிங்கைத் தலைகீழாப் போட்டேன். ஆயிலைக் கீழே வழிக்க வேண்டிய ரிங் மேலே தள்ள ஆரம்பிச்சு, புகை பழசைவிட அதிகம். என் செலவுலயே திரும்ப இறக்கினேன். ரிங்ல சின்னதா ஒரு எழுத்தோ புள்ளியோ இருக்கும், அது மேல பார்க்கணும். மூணு வாயும் ஒரே கோட்டுல வராம 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்கணும்.

சரியாப் போட்டும் புகைஞ்சா, ஓட்டின விதம். ரிங்குக்குப் பின்னாடி புகுற கேஸ் பிரஷர்தான் அதைச் சுவரோட அழுத்தி உக்கார வைக்குது. புது ரிங்னு பயந்து ஐடிலிங்லயே விட்டு, முப்பதுலயே உருட்டினா சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆகிடும், ரிங் உக்காராது. முதல் சில நூறு கிலோமீட்டர் மினரல் ஆயில், நடுத்தர லோடு, வேகத்தை ஏத்தி இறக்கி ஓட்டணும். 1000 கி.மீ.க்குள்ள ஆயிலை மாத்தணும். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்குது. புகை குறைஞ்சுட்டே வருதான்னு மட்டும் பாருங்க. அதே அளவுல நின்னுட்டா பட்டறைக்குத் திரும்புங்க.

நாமக்கல்: கல்குவாரிப் பக்கம் ஓடுற வண்டி. 60,000-லயே ரிங் போச்சு. கம்பெனி மேல கேஸ் போடலாமா?

ஏர் ஃபில்டரைத் தண்ணியில அலசிக் காயவச்சுத் திரும்ப மாட்டினீங்களா? பேப்பர் ஃபில்டர்னா கேஸ் போடாதீங்க. அலசின பேப்பர் தூசியை உள்ளே விட்டுடும், அதுதான் ரிங்கைத் தின்னிருக்கும்.

தஞ்சாவூர்: அப்பா வாங்கின 2004 மாருதி 800. ரிங் தேய்ந்திருக்கிறது என்று டெஸ்டில் உறுதியாகிவிட்டது. அப்பா விற்க மாட்டேன் என்கிறார். இப்படியே ஓட்டலாமா, வேலை பார்க்கலாமாம்மா என்று என்னைக் கேட்கிறார்.

ஆயிலை வாரம் ஒரு தடவை பார்த்து ஊத்திட்டு ஓட்டலாம், அதுல உடனே ஆபத்து இல்லை. ஆனா எரியற ஆயில்ல இருக்கற பாஸ்பரஸ் கேடலிடிக் கன்வர்ட்டரை மெல்ல மெல்லக் கெடுக்கும், பிளக் நனைஞ்சு மிஸ்ஸிங் வரும். ஒருநாள் டிப்ஸ்டிக் பார்க்க மறந்தா பேரிங் பிடிச்சு கிராங்கும் போகும். அப்ப செலவு ரிங்கோட நிக்காது.

வேலை பார்க்கறதுன்னா இது செய்யறதுக்கு லேசான இன்ஜின். மூணு சிலிண்டர், 796 சிசி, 68.5 மி.மீ. போர். வண்டி 2014-ல நின்னுட்டாலும் இதே சிசியில ஆம்னி 2019 வரைக்கும் வந்ததால சாமான் இன்னும் கிடைக்குது. 800-லயே ஹெட்டு ரெண்டு விதமா வந்திருக்குது, பிஸ்டன் மாறும். கடையில இன்ஜின் நம்பரைக் காட்டி வாங்குங்க. இறக்கினதோட வால்வ் சீல், ஆயில் பம்ப், பெரிய பேரிங் மூணையும் பார்த்துடச் சொல்லுங்க, ரெண்டாம் தடவை கூலி குடுக்க வேண்டாம். போர் அளக்கற அன்னைக்கு அப்பாவையும் கூட்டிட்டுப் போங்கம்மா. அளவைத் தாள்ல எழுதி அவர் கையில குடுக்கச் சொல்லுங்க.