வைப்பவர் எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்

கேள்வி: குடும்பக் கட்டுப்பாட்டுப் பணிக்கு நன்கொடை தர நினைக்கிறேன். ஒரு தொண்டு நிறுவனம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேருக்குக் கருத்தடை இம்ப்ளான்ட் வைத்தோம் என்ற கணக்கைத்தான் முதலில் காட்டுவார்கள். சரி, எத்தனை பேருக்கு எடுத்துவிட்டீர்கள் என்று கேளுங்கள். மேல்கையில் தோலுக்கடியில் தீக்குச்சி அளவில் ஒன்றோ இரண்டோ குச்சி. வைக்கச் சில நிமிடம் போதும். எடுக்கத்தான் கை பழகியிருக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, விரலால் தள்ளி நுனியை மேலே கொண்டுவந்து, சுற்றிப் படர்ந்திருக்கும் சவ்வை விலக்கி, இடுக்கியால் பிடித்து மெல்ல இழுக்க வேண்டும். ஆழமாகப் போயிருந்தால் இன்னும் சிரமம். முகாம் முடிந்து வண்டி கிளம்பிவிட்டது. ஆறு மாதம் கழித்து, உதிரப்போக்கு ஒழுங்காக இல்லை, எடுத்துவிடுங்கள் என்று வரும் பெண் யாரைத் தேடிப் போவாள்? இன்னொரு குழந்தை வேண்டும் என்று வருபவள்? அவள் காரணமே சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் எடுத்துவிட வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கேள்வி: ஊழியர்களுக்கு மாத இலக்கு வைப்பது தவறா?

தவறுதான். 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் கூடி ஏற்ற செயல்திட்டமே, இத்தனை பேரைச் சேர்த்துவிடு என்று சேவை தருபவர்கள்மேல் இலக்கைத் திணிக்கக் கூடாது என்கிறது. எண்ணிக்கையைத் துரத்தும் ஊழியருக்கு எதிரே இருக்கும் பெண் சொல்வது காதில் விழாது.

கேள்வி: கருத்தடை ஊசியைப் பெண்களே போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே பரிந்துரைத்துவிட்டது. தோலுக்கடியில் போடும் வகை, மருந்து நிரப்பியே வரும். குலுக்கி, மூடியை அழுத்தித் தயார்செய்து, வயிற்றிலோ தொடையிலோ சதையைப் பிடித்துக் குத்தி, மருந்து இருக்கும் குமிழை மெல்ல அமுக்க வேண்டும். 3 மாதத்துக்கு ஒருமுறை. முதல் தடவை பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அப்புறம், பாலியல் தொற்றுகளை ஊசி தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

கேள்வி: அமெரிக்க நிதி ஏன் வந்து வந்து நிற்கிறது?

1984இல் மெக்சிகோ நகரில் அமெரிக்க அரசு அறிவித்த கொள்கைதான் காரணம். சொந்தப் பணத்திலும் கருக்கலைப்புச் சேவையோ ஆலோசனையோ தரக் கூடாது என்று அமெரிக்க நிதி வாங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு நிபந்தனை. குடியரசுக் கட்சி வந்தால் அமல், ஜனநாயகக் கட்சி வந்தால் ரத்து. கையெழுத்திட மறுக்கும் நிறுவனத்தின் கிளினிக்கில் மாத்திரை, ஆணுறைக்கான பணமும் சேர்ந்தே போய்விடுகிறது. அதனால், அந்த நிதி நின்றாலும் வேலை நிற்காமலிருக்க, முடிந்தால் உங்கள் நன்கொடையை ஒரே தடவையாகத் தராமல் மாதாமாதம் தாருங்கள்.