ஹக்கா மொழியில் இந்தக் காலத்துப் பாட்டு உண்டா? எதில் தொடங்கிக் கேட்கலாம்?

உண்டு. ஹக்கா என்பது சீனர்களில் ஒரு பிரிவினர், அவர்கள் பேசும் மொழிக்கும் அதே பெயர். நம்மூரில் ஹக்கா என்றால் தள்ளுவண்டி நூடுல்ஸ் வரைக்கும்தான் தெரியும். (கொல்கத்தா டாங்க்ராவில் தோல் பதனிட்டுப் பிழைத்த சீனர்களில் பெரும்பாலோர் ஹக்காக்கள்.) பாட்டு வேண்டுமென்றால் தைவானுக்குத்தான் போக வேண்டும், குறிப்பாகத் தெற்கே இருக்கும், ஒரு காலத்தில் புகையிலைக்குப் பெயர்போன மெய்நோங் என்ற ஊருக்கு.

அங்கே ஓர் அணை கட்ட அரசு திட்டம் போட்டது. ஊர் எதிர்த்தது. அந்த ஊர்க்காரரான லின் ஷெங்-ஷியாங் பாட, ஜோங் யோங்-ஃபெங் வரிகள் எழுத, 1999-இல் ஒரு ஆல்பம் வந்தது. பதிவு செய்த இடம் ஸ்டுடியோ இல்லை, புகையிலை உலர்த்தும் பழைய கட்டடம். கிட்டார், டிரம்ஸோடு சுவோனாவும் ஒலிக்கும். நாகஸ்வரம் மாதிரி சீவாளி வைத்து ஊதுகிற கருவி அது. நம் காதுக்குச் சட்டென்று பிடித்துவிடும். 2000-இல் ஆட்சி மாறியதும் அணைத் திட்டம் நின்றது. பாட்டால் நின்றது என்று சொன்னால் அது மிகை. பல வருடம் போராடியது ஊர்.

ஆனால் நீங்கள் தொடங்க வேண்டியது 2001-இல் வந்த அவர்களுடைய அடுத்த ஆல்பத்தில். தலைப்பு, 'சாமந்திகளின் இரவு அணிவகுப்பு'. நகரத்தில் பிழைக்க முடியாமல் ஊர் திரும்பும் ஆ-செங் என்ற இளைஞன் சாமந்தி பயிரிடுகிறான். சீக்கிரம் பூத்துவிடாமல் இருக்க இரவெல்லாம் வயலில் விளக்கு எரியும். வெளிச்சத்தில் வரிசையாக நிற்கும் செடிகள் அவன் கண்ணுக்குப் படை வீரர்கள். உலக வர்த்தக அமைப்பில் தைவான் சேரப்போகிறது என்ற பயமும் அந்தப் பாட்டிலேயே வருகிறது! பிறகு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அவனுக்குப் பெண் எடுக்கிறார்கள். அந்த இடத்தில், மெய்நோங்கில் வாழ்க்கைப்பட்டு அங்கே மொழி வகுப்புக்குப் போன அப்படிப்பட்ட மருமகள்களே சேர்ந்து பாடுகிறார்கள். தேர்ந்த குரல்கள் இல்லை. எனக்கு ஆல்பத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

2007-இல் தைவானின் கோல்டன் மெலடி விருது விழாவில் சிறந்த ஹக்கா பாடகர், சிறந்த ஹக்கா ஆல்பம் இரண்டும் லின்னுக்குக் கிடைத்தன. வேண்டாம் என்றார். ராக், நாட்டுப்புறம் என்று இசையை வைத்துப் பிரியுங்கள், மொழியை வைத்துப் பிரிக்காதீர்கள் என்பது அவர் வாதம். பாதிதான் ஒத்துக்கொள்வேன். தைவானில் பள்ளியில் தாய்மொழி பேசினால் தண்டனை என்ற காலம் இருந்தது. 1988-இல் தாய்மொழியைத் திருப்பிக் கொடு என்று ஹக்காக்கள் தலைநகர் தைபேயில் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மொழிக்குத் தனிப் பிரிவு ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்தப் பிரிவுக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டால் வெளியாள் யாரும் கேட்கமாட்டான் என்பதும் நிஜம்தானே.

அப்புறம் லுவோ ஸி-ரோங். ப்ளூஸ் சாயலில் பாடும் பெண் கவிஞர், ராத்திரிக்கு ஏற்றவர். சத்தமாக வேண்டுமென்றால் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தைச் சேர்ந்த ஜியூலியன் ஜென்ரென் என்ற ராக் குழு. அதன் பாடகர்கள் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களாக இருந்தவர்கள், 2019-இல் ஒரு இசைக்குழுப் போட்டி நிகழ்ச்சியில் ஹக்காவில் கத்திப் பாடி நாடு முழுக்கத் தெரிந்தவர்களானார்கள்.

சாமந்தி ஆல்பத்தை மட்டும் ஷஃபிளில் போடாதீர்கள், கதை அறுந்துவிடும்.