மறந்துபோன பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்பும் தளத்தை நம்பலாமா?

நம்ப வேண்டாம். பழைய பாஸ்வேர்டை அனுப்ப முடிகிறது என்றால், அவர்களால் அதைப் படிக்கவும் முடிகிறது.

உண்மையில் அதை அவர்கள் வைத்திருக்கத் தேவையே இல்லை. ஹேஷ் என்று ஒரு கணக்கு உண்டு. பாஸ்வேர்டை அதில் போட்டு அரைத்து, வருகிற மாவை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை நீங்கள் தட்டச்சு செய்வதையும் அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும். மாவிலிருந்து அரிசி திரும்ப வராது. ஆளுக்கொரு சால்ட், அதாவது தற்செயலாக எடுத்த சில எழுத்துகள், சேர்த்து அரைத்தால், ஒரே பாஸ்வேர்டு வைத்த இருவரின் மாவும் வேறு வேறாக இருக்கும். கணினி அறிஞர்கள் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-லேயே எழுதிவைத்த விஷயம் இது.

ஆனாலும் 2012-ல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியான ஹேஷ்களில் சால்ட் இல்லை. அதைவிட மோசம் அடோபி. 2013-ல் 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் கசிந்தன. அவர்கள் அரைக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே சாவியால் பூட்டியிருந்தார்கள். அதனால் ஒரே பாஸ்வேர்டு வைத்த எல்லோருக்கும் ஒரே எழுத்துச் சரம். பக்கத்திலேயே பயனர்கள் எழுதிய நினைவூட்டல் குறிப்பு, பூட்டாமல்! ஒருவர் மழுப்பலாக எழுதியிருந்தாலும், அதே சரம் உள்ள இன்னொருவர் ‘1 முதல் 6 வரை’ என்கிற மாதிரி எழுதியிருந்தால் கதை முடிந்தது. சாவி யாருக்கும் கிடைக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டார்கள். ஏறக்குறைய 19 லட்சம் பேர் வைத்திருந்தது 123456.

சரியாக அரைப்பவர்களும் சறுக்குவதுண்டு. ட்விட்டரில் ஹேஷ் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அரைப்பதற்கு முன்பே பாஸ்வேர்டுகள் நிறுவனத்தின் உள் பதிவேட்டில் (log) அப்படியே பதிவாகிக்கொண்டிருந்ததை 2018-ல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஃபேஸ்புக்கிலும் கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகள் அப்பட்டமாகக் கிடந்தது 2019-ல் வெளியே வந்தது. அதற்காக 2024-ல் அயர்லாந்து விதித்த அபராதம் 9.1 கோடி யூரோ.

எனக்கும் ஒரு பில் கட்டும் தளம் இப்படி அனுப்பியிருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டேன். “உங்க வசதிக்குத்தானே சார் அனுப்புறோம்?” என்றார் அந்தத் தம்பி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என் தப்பு, அதே பாஸ்வேர்டைத்தான் ஜிமெயிலுக்கும் வைத்திருந்தேன். அன்று ராத்திரியே உட்கார்ந்து எல்லாக் கணக்குகளையும் மாற்றினேன், பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலியைப் போட்டது அப்போதுதான். அந்தத் தளத்தில் இன்னும் கணக்கு இருக்கிறது, பில் கட்ட வேண்டுமே. அங்கே உள்ள பாஸ்வேர்டு மட்டும் வேறு எங்கும் கிடையாது.