டி.எஸ்.எச். கூடினால் ஹார்மோன் கூடியதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் கேட்கிறார்: "ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 11. கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, டாக்டர் தைராய்டு ஹார்மோன் மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். அதிகம் இருக்கும்போது இன்னும் எதற்கு? புரட்டாசி விரதம் முடியும்வரை நிறுத்தி வைக்கலாமா?"

நிறுத்தாதீர்கள் சகோதரி. உங்களுக்குக் கூடியிருப்பது தைராய்டு ஹார்மோன் அல்ல. டி.எஸ்.எச். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. கழுத்திலிருக்கும் தைராய்டை வேலை வாங்குவது அதுதான். கூப்பிட்டும் எழுந்திருக்காத பிள்ளையை அம்மா இன்னும் உரக்கக் கூப்பிடுவதைப் போல, தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். ஏறும். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 11.

தைராய்டு சுரப்பதில் பெரும்பகுதி டி4. அதில் நான்கு அயோடின் அணுக்கள். ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் ஓர் அயோடின் அணு கழன்று அது டி3 ஆகிறது. செல்லுக்குள் போய் உண்மையில் வேலை செய்வது இந்த டி3. உடல் சூடு, இதயத் துடிப்பு, குடல் அசைவு, மாதவிடாய், கொலஸ்ட்ரால் எல்லாவற்றிலும் அதன் கை உண்டு. அது குறைந்தால் அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல் எல்லாம் வரும். நம் பெண்கள் பலர் வயதாகிவிட்டது என்று இதைப் பொறுத்துக்கொண்டே போகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம்.

அயோடின் குறைவு என்று நினைத்து உப்பைக் கூட்டச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயோடின் கட்டாயம். அயோடின் போதுமான நாடுகளில் தைராய்டு சோர்வதற்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்தான்.

சரி, விரதம். உங்கள் மாத்திரையிலிருந்து கிடைக்கும் டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் ஆகும். ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம். ஆனால் ஒரு மாதம் நிறுத்தினால் மாத்திரையால் கிடைத்தது அநேகமாக முழுதும் வடிந்துவிடும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். பால் டீ, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. புரட்டாசியில் இறைச்சிக்குப் பதிலாக சோயா மின்ஸ் சமைக்கிறீர்களா? தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மதியமோ இரவோ. மாத்திரை உடலில் சேர்வதை சோயா குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

அப்புறம், 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். திரும்பப் பாருங்கள். அதற்குள் படபடப்போ நெஞ்சு வலியோ வந்தால் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.